ஒன்றரைக் கிலோ

நீங்கள் சீட் மாற்றிக்கொண்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை அக்கா. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு சந்தேகம். அவள் உங்களிடம் என்ன காரணம் சொன்னாள்? இந்தப் பக்கம் வெயில் அடிக்கிறது என்றா? பாருங்கள், வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது? நீங்கள் உட்கார்ந்திருந்த பக்கம்தான். மதுரையிலிருந்து தெற்கே போகிற பஸ்ஸில் சாயங்காலம் வலது பக்கம்தான் வெயில். நிழலில் இருந்தவள் எழுந்து வெயிலில் போய் உட்கார்ந்துகொண்டு, வெயில் என்று காரணம் சொல்கிறாள். இதுதான் சகாயராணி. ஒரு பொய்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாது.

அதோ, நாலு வரிசைக்கு முன்னால், துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு. தூங்கவில்லை. தூங்கினால் அவள் தலை பக்கத்து ஆளின் தோளில் சாயும். இவ்வளவு நாள் சாய்ந்த தோள் இதுதான், எனக்குத் தெரியாதா?

சண்டையா என்று கேட்கிறீர்கள். சண்டை இல்லை. சண்டை போட்டால்கூடப் பரவாயில்லையே! திட்டினால் பதில் சொல்லலாம். திட்டவே மாட்டேன் என்கிறாள். நேற்றிலிருந்து ஒரு வார்த்தை திட்டவில்லை. காலையில் எனக்கும் சேர்த்து இட்லி வாங்கி வந்தாள். இதற்கு நான் என்ன பதில் சொல்வது?

நான் நப்பின்னை. அப்பா தமிழாசிரியர், பெயரைக் கேட்டாலே தெரிந்திருக்கும். எம்.ஏ. அரசியல் அறிவியல். பேச்சுப் போட்டி, விவாத மேடை என்று போய்ப் போய் நாக்கு இப்படியே நின்றுவிட்டது. புத்தகம் பேசுகிற மாதிரி இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். இல்லை, பை மடியிலேயே இருக்கட்டும். மேலே வைக்க வேண்டாம். கனமெல்லாம் இல்லை.

நாங்கள் திருச்சியில் ஒரு துப்பாக்கிச் சுடும் போட்டிக்குப் போய்விட்டு வருகிறோம். பார்த்தீர்களா, துப்பாக்கி என்றதும் கொஞ்சம் தள்ளி உட்கார்கிறீர்கள்! பையில் துப்பாக்கி இல்லை அக்கா. அதெல்லாம் கோச் பொறுப்பில், லைசென்ஸோடு, பல்கலைக்கழக ஜீப்பில் வரும். எங்கள் கிளப்பில் பெண்களுக்கென்று இருப்பது ஒரே ஒரு ரைஃபிள். செமி ஆட்டோமேட்டிக். உடனே சினிமாவை நினைக்காதீர்கள். ஒரு தடவை அழுத்தினால் ஒரு குண்டு. அடுத்தது தானாக உள்ளே வந்து நிற்கும், மறுபடி அழுத்தினால்தான் போகும். அவ்வளவுதான். அந்த ஒன்றை வைத்துத்தான் நானும் சகாயராணியும் மாற்றி மாற்றிச் சுடுவோம்.

அதன் ட்ரிக்கர் எப்படி இருந்தது தெரியுமா? துருப்பிடித்த கைப்பம்பு மாதிரி. இழுக்க இழுக்க வரும், வரும், வந்துகொண்டே இருக்கும். போகாது போலிருக்கிறது என்று நாம் நினைக்கிற நேரத்தில் போகும். அதற்குள் குறி ஆடிவிடும். எனக்கு ஒரு மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு விரலை மடக்க முடியாது. பேனா பிடிக்க முடியாது. நான் விட்டேனா? விளையாட்டுக் குழுவில் போய் நின்றேன். "அந்தக் காலத்து ஆண்களின் விரலை மனதில் வைத்துச் செய்த ட்ரிக்கரை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, பெண்களுக்குக் குறி வராது என்று சொல்வது எந்த நியாயம்?" என்று கேட்டேன்.

உடற்கல்வி இயக்குநர் சிரித்தார். "ஏம்மா, துப்பாக்கிக்கு ஆம்பள பொம்பள தெரியுமா?"

"துப்பாக்கிக்குத் தெரியாது சார். செஞ்சவனுக்குத் தெரியும்."

அறையே சிரித்தது. வேறு ட்ரிக்கர் போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கொஞ்சம் பணம்தான்; அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் நான் கேட்டு வாங்கியது, கெஞ்சி வாங்கியது இல்லை.

வெளியே வந்ததும் சகாயராணி என்ன சொன்னாள் தெரியுமா? "ஏட்டி, எனக்கு அது கனமாவே தெரியலையே."

நான் சொன்னேன், "உனக்குத் தெரியாமலே நீ பழகிட்ட. அதுக்குப் பேர்தான் ஒடுக்குமுறை."

நல்ல பதில்தானே அக்கா? அன்றைக்கு அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. விடுதியில் நாலு பேரிடம் சொன்னேன்.

அவள் கையை நீங்கள் பார்க்கவில்லை. டிக்கெட்டை நீட்டும்போது கவனித்திருந்தால் தெரிந்திருக்கும். ஊர் வேம்பார் பக்கம், கடற்கரை. லீவு விட்டால் இறால் கம்பெனிக்குப் போவாள். ஐஸில் கிடக்கிற இறாலை நாள் முழுக்க நின்றுகொண்டே உரிக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் காய்த்துப் போய்க் கயிறு மாதிரி இருக்கும். அந்த விரலுக்கு அந்தக் கைப்பம்பு ட்ரிக்கர் ஒன்றுமே இல்லை. அவள் அதை இழுக்கிற மாதிரியே தெரியாது. மூச்சை விட்டுக்கொண்டே இருப்பாள், குண்டு போயிருக்கும். போய்ப் பார்த்தால் நடுவில் இருக்கும். நான் இதை அன்றைக்கும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு தனிநபரின் திறமையை வைத்துப் பொது நியாயத்தைத் தீர்மானிக்க முடியாது, இல்லையா?

சரி. ட்ரிக்கர் வாங்கப் போன கதைக்கு வருகிறேன். மதுரையில் லைசென்ஸ் உள்ள ஒரு பாயின் துப்பாக்கிக் கடை. கோச் செல்லப்பாண்டி சார், நான், சகாயராணி. சார் ராணுவத்தில் இருந்து வந்தவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் நேராகப் பேசுவார். பாய் மூன்று வழி சொன்னார்.

ஒன்று, கம்பெனி ட்ரிக்கர். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வருவதற்குள் எங்கள் படிப்பே முடிந்துவிடும், விலையும் எங்களுக்கு ஆகாது. அது போயிற்று. இரண்டாவது, வேறொரு கிளப்பில் சுடாமல் ஒதுக்கிவிட்ட இதே மாடல் ரைஃபிளின் ட்ரிக்கர். கம்பெனிச் சாமான். பழையது, கனமானது, ஆனால் சொன்ன எடையில் நிற்கும். மூன்றாவது, ஒரிஜினல் மாதிரியே உள்ளூரில் வேறொருவர் செய்தது. புத்தம் புதிது. வெண்ணெய் மாதிரி. பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ, திருகினால் இறுக்கம் கூடும், தளர்த்தினால் குறையும். விலையில் இரண்டாவதும் மூன்றாவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

"ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்கம்மா" என்றார் சார். "சுடப்போறது நீங்க ரெண்டு பேரும்."

சகாயராணி அந்தப் பழையதை எடுத்தாள். விரலில் இழுத்துப் பார்த்தாள். "இதுவே போதும் சார்" என்றாள்.

அவ்வளவுதான் அக்கா அவள் பேசியது. மூன்றே வார்த்தை. பிறகு நான் பேசினேன். கம்பெனிப் பெயர் குத்தியிருந்தால்தான் நல்லது என்று நினைப்பது அடிமைப் புத்தி என்றேன். இன்னொருவன் வேண்டாமென்று ஒதுக்கியதை எடுத்துக்கொள்வது தன்மானமில்லாத வேலை என்றேன். உள்ளூரில் செய்தால் மட்டம் என்று யார் சொன்னது என்றேன். பாய் நடுவில் எழுந்து போய் எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தார். நான் பேசிக்கொண்டிருந்தேன். கடைசியில் சகாயராணி பழையதைக் கண்ணாடி மேஜை மேல் வைத்துவிட்டாள்.

"சரிட்டி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஒத்துக்கொண்டாளா இல்லையா? சொல்லுங்கள். யாரும் அவள் வாயைப் பொத்தவில்லையே. பாய் மட்டும் சார் பக்கம் திரும்பி, "இந்தப் பாப்பா வக்கீலுக்குப் படிக்குதா?" என்று கேட்டார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

என்ன கேட்டீர்கள்? போட்டியில் நான் எத்தனாவது வந்தேனா? வருகிறேன் அக்கா, அங்கேதான் வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் நியாயம் புரியும்.

எங்கள் போட்டியில் ஒரு விதி உண்டு. ட்ரிக்கர் ரொம்ப இளகலாக இருக்கக் கூடாது. தொட்டாலே வெடித்தால் ஆபத்து, மற்றவர்களுக்கும் அநியாயம். அதனால் காலையில் எல்லா ரைஃபிளையும் எடை போடுவார்கள். எப்படி என்றால், ஒன்றரைக் கிலோ எடைக்கல் ஒன்றைத் தரையில் வைத்து, அதன் கொக்கியை ட்ரிக்கரில் மாட்டி, ரைஃபிளை நேராக மேலே தூக்குவார்கள். உள்ளே குண்டு இருக்காது. கல் தரையை விட்டு மேலே வர வேண்டும், ட்ரிக்கர் விழக் கூடாது. விழுந்தால் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். மூன்று வாய்ப்பு. மூன்றில் ஒரு தடவை தூக்கிவிட்டால் பாஸ்.

ரைஃபிளை எடை போட நான்தான் கொண்டுபோனேன். சகாயராணி பெயர் பதியும் வரிசையில் நின்றாள். முதல் தடவை, டக். இரண்டாவது தடவை கல் மேலே வந்தது. மெதுவாக, ஒரு பக்கம் ஆடிக்கொண்டே வந்தது. ஆனால் வந்தது. எடை போட்ட அம்மா என்னைப் பார்த்து, "ஓரத்துல நிக்குதும்மா. கொஞ்சம் இறுக்கிக் கொண்டா, மறுபடி போட்டுத் தரேன்" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்கள்? விதி என்ன? மூன்றில் ஒன்று. தூக்கியாயிற்று. "விதிப்படி பாஸ்தானே மேடம்? அப்போ இறுக்கச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்ல" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார். திருகுகிற சாவி என் பேண்ட் பையில்தான் இருந்தது. இறுக்கினால் மறுபடி அந்தக் கைப்பம்பு மாதிரி ஆகும். முதலில் சுடப்போவது நான். என் விரலுக்கு அது அப்போதுதான் அளவாக இருந்தது.

இதில் சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

நான் முதல் சுற்றில் சுட்டேன். எனக்கு இதுவரை வராத புள்ளி வந்தது. அந்த ட்ரிக்கர் நான் நினைத்ததும் போயிற்று அக்கா, நினைத்ததும்! வெளியே வந்து ரைஃபிளைச் சகாயராணி கையில் கொடுத்தேன். அவள் இரண்டாவது சுற்று. உச்சி வெயில். தகரக் கூரை. துப்பாக்கி நன்றாகச் சூடாகியிருந்தது.

"எடை போட்டாச்சா?" என்று கேட்டாள்.

"ஆச்சு. பாஸ்" என்றேன்.

அது பொய்யா? பாஸ்தானே.

அவள் சுட்டதைப் பற்றி நான் என்ன சொல்ல. பழகாத ட்ரிக்கர். அவள் விரலுக்கு அது தூசு. முதலில் இரண்டு குண்டு அவள் நினைப்பதற்கு முன்னாலேயே போய்விட்டது, வெளி வட்டத்தில். பிறகு விரலை ட்ரிக்கர் மேலேயே வைக்கவில்லை. பக்கத்தில் வைத்து, குறி நின்ற பிறகு பட்டும் படாமலும் தொட்டாள். பின்னால் நின்ற செல்லப்பாண்டி சார் தொப்பியைக் கழற்றிவிட்டார். கடைசியில் பலகையில் பெயர் வந்தபோது அவள் இரண்டாவது. மாநிலத்தில் இரண்டாவது! நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கல்லூரிப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். சத்தியமாக நான்தான் முதலில் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். "எங்கண்ணன்கிட்ட நீயே சொல்லுட்டி, நான் சொன்னா நம்ப மாட்டான்" என்றாள்.

அவளுக்கு அந்த மெடல் என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எனக்கெல்லாம் அது அலமாரியில் வைக்கிற சாமான். அவளுக்கு அது வேலை. சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸுக்கு விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால், படிப்பு முடிந்ததும் கம்பெனியில் நிரந்தரமாகச் சேர் என்று அண்ணன் சொல்லிவிட்டான். ஐஸில் கை வைக்கிற வேலை, வருடம் முழுக்க.

முடிந்த பிறகும் ஒரு சோதனை உண்டு. சீட்டுக் குலுக்கிப் போட்டு யாராவது சிலருடைய ரைஃபிளை மறுபடி எடை போடுவார்கள். சீட்டில் அவளுடைய எண் வந்தது.

முதல் தடவை, டக்.

இரண்டாவது, டக்.

மூன்றாவது தடவைக்கு முன்னால் சகாயராணி கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள். நானும், கடவுள் மறுப்புக் கட்டுரைக்குப் பரிசு வாங்கிய நானும், மனதுக்குள் யாரையோ கூப்பிட்டேன். கல் கொஞ்சம் எழும்பியது. அடியில் வெளிச்சம் தெரிந்தது அக்கா. பிறகு, டக்.

பெயரை அடித்துவிட்டார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. ஸ்க்ரூ வெளியே இருக்கிறது, காலையில் தூக்கியது இப்போது தூக்கவில்லை, ஆகவே நடுவில் யாரோ தளர்த்தியிருக்கிறார்கள் என்று தீர்ப்புச் சொல்கிற ஜூரியில் ஒருவர் சொன்னார். சாமான் சரியில்லை என்றால் புள்ளி மட்டும்தான் போகும். வேண்டுமென்றே தளர்த்தினாள் என்று முடிவானால் ஒரு வருடத் தடை. டிசம்பரில் இன்னொரு தேர்வுப் போட்டி இருக்கிறது. அதுதான் அவளுக்குக் கடைசி. தடை வந்தால் அதுவும் போயிற்று. இன்றைக்குச் சாயங்காலம் ஜூரி உட்கார்ந்து முடிவு செய்கிறது. செல்லப்பாண்டி சார் அதற்காகத்தான் அங்கேயே தங்கிவிட்டார். எங்களை மட்டும் பஸ் ஏற்றி அனுப்பினார்.

நேற்றே எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கேட்டார். "யாராச்சும் ஸ்க்ரூவைத் தொட்டீங்களா? எதுவானாலும் என்கிட்ட சொல்லுங்க. எழுதிக் கொடுக்கணும்."

"இல்ல சார்" என்றாள் அவள்.

சார் என்னைப் பார்த்தார். "நானும் தொடல சார்" என்றேன்.

உண்மை. சுத்தமான உண்மை. நான் தொடவே இல்லை.

அக்கா, தண்ணீர் இருக்கிறதா? இல்லையா? பரவாயில்லை.

என்ன ஊர் இது? சாத்தூர் போயிற்றா? அப்படியானால் கோவில்பட்டி வந்துவிடும். அவள் அங்கேதான் இறங்க வேண்டும், வேம்பார் பஸ் மாற.

இப்போது நீங்கள் மறுபடி கேட்பீர்கள், நான் எத்தனாவது என்று. சரி, சொல்கிறேன். நாலாவது. பலகையில் நான் நாலாவதாகத்தான் இருந்தேன். அவள் பெயரை அடித்த பிறகு மூன்றாவது.

ஆமாம். மெடல்தான். இந்தப் பையில்தான் இருக்கிறது. நீங்கள் மேலே வைக்கச் சொன்னீர்களே, அந்தப் பை.

அப்படிப் பார்க்காதீர்கள். நான் கேட்டு வாங்கவில்லை. மைக்கில் கூப்பிட்டார்கள், போனேன். கூட்டத்தில் ஒருத்திதான் சத்தமாகக் கை தட்டினாள். யார் என்று நினைக்கிறீர்கள்? என் போனை வாங்கி அவளே படம் எடுத்தாள். "ஏட்டி, நிமிந்து நில்லு. தலையத் தொங்கப் போட்டா படம் நல்லாருக்காது" என்றாள். அந்தப் படத்தை எங்கள் வீட்டுக்கும் அவளே அனுப்பிவிட்டாள். அப்பா விடுதிக்குப் போன் செய்து வார்டனிடம்கூடச் சொல்லியாயிற்று.

அதே ரைஃபிள். அதே ட்ரிக்கர். அதே நாள். சீட்டில் என் எண் வந்திருந்தால் எனக்கும் டக்தான். ஆனால் வரவில்லையே! யாருடைய ரைஃபிளைச் சோதித்தார்களோ அவர்களுக்குத்தான் தீர்ப்பு. விதி அப்படித்தான் இருக்கிறது. இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். நான் போய், காலையிலேயே ஓரத்தில்தான் நின்றது, இறுக்கச் சொன்னார்கள், நான்தான் மாட்டேன் என்றேன், நானும் அதில்தான் சுட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும்? என் மெடல் போகும். அவள் மெடல் திரும்பி வருமா? வராது. யாரோ முகம் தெரியாத ஒரு பெண்ணுக்குப் போகும். ஒரு பல்கலைக்கழகத்துக்கு இரண்டு நஷ்டம். இதில் என்ன தர்க்கம் இருக்கிறது?

தடை வராது என்கிறீர்களா? ஆமாம், தடை வராது. டிசம்பரில் சுடுவாள். அது மட்டும்தான். அது மட்டும்தான் லாபம்.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை அக்கா. விடுதி மெஸ்ஸில் சாம்பார் தண்ணியாக இருந்தால் நான் பேசுவேன். பஸ்ஸில் ஒருவன் காலை நீட்டினால் பேசுவேன். அந்தப் போட்டி மைதானத்தில் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று முந்தாநாள் அமைப்பாளரை அரை மணி நேரம் நிற்க வைத்துப் பேசி, அன்றைக்கே தாழ்ப்பாள் போட வைத்தேன். சகாயராணியை ஜூரி மேஜை முன்னால் நிற்க வைத்து, "நீதான் தளர்த்தினாயா?" என்று ஆறு பேர் கேட்டபோது நான் அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். அந்தச் சாவி என் பையில் தொடையில் குத்திக்கொண்டிருந்தது. வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு நேரம்தான் திறக்கவில்லை.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பேசியிருப்பேன். பேசியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

கோவில்பட்டி. எழுந்துவிட்டாள். இருங்கள், இந்தப் பக்கம்தான் வருகிறாள். பேச்சை மாற்றுங்கள். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் அக்கா? பெரியவன் என்ன படிக்கிறான்?

கேட்டீர்களா? கேட்டீர்களா அவள் சொன்னதை? "அக்கா, இவ பேச ஆரம்பிச்சா தண்ணி குடிக்க மாட்டா, அப்புறம் தலவலின்னு கெடப்பா. கொஞ்சம் ஞாபகப்படுத்துங்க." தன் பாட்டிலை உங்கள் மடியில் வைத்துவிட்டுப் போகிறாள். எனக்கு ஒரே வார்த்தை. "வாரேன்ட்டி."

அதோ போகிறாள். அந்தப் பைதான் அவளுடைய எல்லாச் சாமானும். வலது கையில் தூக்க மாட்டாள், பாருங்கள், இடது கைக்கு மாற்றுகிறாள். போட்டிக் காலத்தில் வலது கை நடுங்கக் கூடாது என்று கனமான எதையும் அதில் தூக்க மாட்டாள். இன்னும் அப்படியே இருக்கிறாள். டிசம்பர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு.

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

அவளுக்குத் தெரியுமா என்று கேட்காதீர்கள். எடை போட்டாச்சா என்று கேட்டபோது என் முகத்தைப் பார்த்தாள். என் முகம் அவளுக்குத் தெரியும். நான்தான் இறுக்காமல் விட்டேன் என்று தெரியும். என் விரலுக்காகத்தான் அந்த ட்ரிக்கரே வந்தது என்பதும் கடையிலேயே தெரியும். "இதுவே போதும்" என்றாளே. அவளுக்குப் போதும். போதாதது எனக்குத்தான். பெண்கள், பெண்கள் என்று நான் பேசியபோது அந்தக் கிளப்பில் இருந்த பெண்கள் மொத்தம் இரண்டு பேர். ஒருத்திக்கு அது கனமாகவே தெரியவில்லை.

இப்போது சொல்லும்போதுதான் எனக்கே கணக்கு வருகிறது.

போன் அடிக்கிறது. என்னுடையதுதான். செல்லப்பாண்டி சார். இது இரண்டாவது தடவை. மதுரையில் நீங்கள் ஏறியபோது ஒரு தடவை அடித்தது, உங்களிடம் பேசிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. ஜூரி உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை கேட்கிறார் போலிருக்கிறது. எடுக்கிறேன், எடுக்கிறேன். ஆனால் ஒரே ஒரு பாயிண்ட் அக்கா, நான் மெடலை இழந்துவிட்டால் கிளப்புக்கு அடுத்த வருடம் உதவித்தொகை...

நின்றுவிட்டது.

நின்றுவிட்டது அக்கா.

என்ன, நீங்கள் எழுந்திருக்கிறீர்கள்? கயத்தாறா? அதற்குள்ளா? நான் இவ்வளவு நேரமா பேசினேன்? உங்களை ஒரு வார்த்தை பேச விடவில்லையே. அவளையும் இப்படித்தான்.

இருங்கள். ஒரு நிமிடம் நில்லுங்கள். பையைப் பிடித்து இழுக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும். கண்டக்டர் அண்ணே, ஒரே ஒரு நிமிஷம் அண்ணே, இந்தக்கா இறங்குவாங்க, கொஞ்சம் நிறுத்துங்க! நீங்கள் இறங்கிவிட்டால் நான் தனியாக இருப்பேன் அக்கா. தனியாக இருந்தால் வாதாடுவேன். வாதாடினால் நான்தான் ஜெயிப்பேன்.

போகிறது. சாருக்கு ரிங் போகிறது.

ஹலோ. சார். நப்பின்னை பேசுறேன் சார். இல்ல சார், வாதாட வரல. காலைல எடை போட்டப்பவே இறுக்கச் சொன்னாங்க சார், நான்தான் மாட்டேன்னேன். நானும் அதே ரைஃபிள்லதான் சுட்டேன் சார்.